புதிய மீன் தொட்டி 6 வாரமாகியும் சீராகவில்லையா? காரணங்களும் தீர்வும்

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளின் ஆசைக்காகப் பல வீடுகளில் மீன் தொட்டி ஒன்று வந்து சேர்கிறது. தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். ஆனாலும், முதல் மாதம் முடிவதற்குள் மீன்கள் ஒவ்வொன்றாக இறந்து மிதக்கும். “நமக்கு மீன் ராசி இல்லை” என்று சொல்லித் தொட்டியைப் பின்கட்டில் போட்டு விடுவோரும் உண்டு.

இதில் ராசிக்கு வேலையில்லை. தெளிந்த தண்ணீர் வேறு. மீன் வாழத் தகுந்த தண்ணீர் வேறு.

தண்ணீருக்குள் நடப்பது என்ன?

மீனின் செவுள் வழியாகவும், அதன் கழிவிலிருந்தும், தின்னாமல் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா தண்ணீரில் சேர்கிறது. இது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு வகை பாக்டீரியா அதனை நைட்ரேட்டாக மாற்றுகிறது. ஓரளவு நைட்ரேட்டை மீன்கள் தாங்கிக்கொள்ளும். மிஞ்சுவதைச் செடிகளும் நாம் மாற்றும் தண்ணீரும் பார்த்துக்கொள்ளும். இதுவே நைட்ரஜன் சுழற்சி.

அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் கொண்டே உயிர்வாழும் இந்த நுண்ணுயிர்களை 1890ஆம் ஆண்டு வாக்கில் ஆராய்ந்து விளக்கியவர் ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. இவை மெதுவாகவே பெருகும். கெட்டுப்போகும் உணவில் உள்ள பாக்டீரியா அரை மணி நேரத்திற்குள் இரட்டிப்பாகலாம். இவற்றுக்குப் பல மணி நேரம், சில வேளைகளில் ஒரு நாளுக்கும் மேல் பிடிக்கும். அதனால் ஒரு புதிய தொட்டி சீராகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் தேவைப்படுகிறது. நம் நாட்டு வெப்பம் இவற்றுக்கு ஏற்றது. கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடங்களில் இன்னும் சற்றுத் தாமதமாகும்.

6 வாரம் கடந்தும் மாற்றம் இல்லையென்றால், தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி மறுபடியும் தொடங்குவதுதான் மிகப் பெரிய தவறு. அதுவரை சேர்ந்த பாக்டீரியா அத்தனையும் அதோடு போய்விடும். முதலில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் ஆகிய நான்கையும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியால் அளந்து பார்க்க வேண்டும். கோளாறு எங்கே என்பதை அந்த எண்களே காட்டிக்கொடுக்கும்.

அம்மோனியா குறையவே இல்லை என்றால்

பாக்டீரியா இன்னும் குடியேறவில்லை, அல்லது குடியேறியவற்றை நாமே அழித்துவிட்டோம் என்று பொருள். இவற்றின் வீடு தண்ணீர் அன்று. ஃபில்டர் பஞ்சும் அடியில் உள்ள கற்களும்தான். பஞ்சு அழுக்காகிவிட்டதே என்று அதனைக் குழாயடியில் பிழிந்து கழுவினால் குளோரின் பட்டு அவை மடியும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றி, அதில் பஞ்சை இலேசாக அலசினாலே போதும்.

மின்கட்டணத்தை நினைத்தோ சத்தத்தை நினைத்தோ இரவில் ஃபில்டரை நிறுத்துவது இன்னொரு வழக்கம். இந்த பாக்டீரியாவுக்கு உயிர்வளி கட்டாயம் வேண்டும். நீரோட்டம் நின்றால் ஃபில்டருக்குள் அது தீர்ந்துபோகும்.

தண்ணீரை ஒரு நாள் பீப்பாயில் பிடித்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். குளோராமின் அப்படி எளிதில் போகாது. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரில் குளோராமின்தான் உள்ளது. சாதாரண ஆண்டிகுளோரின் அதனை உடைக்கும்போது அம்மோனியா எஞ்சி நிற்கும். ஆகவே குளோராமினுக்கும் அம்மோனியாவுக்கும் ஏற்றது என்று புட்டியில் குறிப்பிட்டுள்ள மருந்தையே வாங்க வேண்டும்.

நைட்ரைட் மட்டும் இறங்கவில்லை என்றால்

இது பெரும்பாலும் கோளாறு அன்று. பாதி வழி கடந்துவிட்டதற்கான அடையாளம். இரண்டாம் வகை பாக்டீரியா பின்தங்கியே வளரும். மீன் இல்லாத தொட்டியில் அம்மோனியா திரவம் விட்டுத் தயார்செய்வோர் அவசரப்பட்டு அளவைக் கூட்டுவதுண்டு. 5 பிபிஎம்மைத் தாண்டினால் அதுவே இரண்டாம் வகையின் வளர்ச்சிக்குத் தடையாகலாம். 2 பிபிஎம் போதுமானது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென நின்றால்

பிஎச் அளவைப் பாருங்கள். பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். அம்மோனியா நைட்ரைட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தைச் சமன்செய்வது தண்ணீரில் கரைந்துள்ள கார்பனேட் உப்புகள். அம்மோனியாவில் உள்ள ஒவ்வொரு மில்லிகிராம் நைட்ரஜனும் மாற்றமடைய, கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 மில்லிகிராம் செலவாகிறது. மலேசியாவின் பல பகுதிகளில் குழாய்த் தண்ணீர் மென்னீர். அதில் இந்த உப்புகள் குறைவு. கையிருப்பு தீர்ந்ததும் பிஎச் சரியும். 6.5க்குக் கீழே பாக்டீரியாவின் வேகம் தளரும். 6ஐ நெருங்கினால் ஏறக்குறைய நின்றுவிடும். கெத்தாப்பாங் இலையும் மரக்கட்டையும் நிறையப் போட்டிருந்தால் இந்தச் சரிவு விரைவுபடும்.

நொறுக்கிய பவளக்கல்லை ஒரு சிறு துணிப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைப்பது எளிய தீர்வு. ஆனால், மீன் உள்ள தொட்டியில் அவசரம் கூடாது. பிஎச் தாழ்ந்திருக்கும்போது அம்மோனியா, அதிகத் தீங்கில்லாத அம்மோனியம் வடிவில் இருக்கும். பிஎச் சட்டென்று ஏறினால் அது மீண்டும் நஞ்சாக மாறி ஒரே இரவில் மீன்களைக் கொன்றுவிடும். ஆகவே அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் மருந்து சேர்த்து, நாள்தோறும் 10 விழுக்காடு அளவில் தண்ணீர் மாற்றி, அம்மோனியா இறங்கிய பிறகு பவளக்கல்லைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே பாதுகாப்பானது. செடி வளர்ப்பதற்கான மண் போட்ட தொட்டிகளில் கதை வேறு. அந்த மண்ணே பிஎச்சைத் தாழ்வாக வைக்கும்; முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவும் விடும். அங்கே தாமதம் இயல்பு.

மீன்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தால்

மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சு வாங்கினால் காத்திருக்கக் கூடாது. பிஎச் சரியாத தொட்டியில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.5 பிபிஎம்மைத் தாண்டினால், 25 முதல் 50 விழுக்காடு வரை தண்ணீர் மாற்றலாம். தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் கொஞ்சமாகப் போடலாம். காற்றுப் பம்பு ஓடிக்கொண்டே இருக்கட்டும். நைட்ரைட் மீனின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கிறது. 10 லிட்டருக்கு 1 கிராம் உப்பைக் கரைத்து ஊற்றினால் நைட்ரைட் செவுள் வழியே உடலுக்குள் புகுவது குறையும். அழுக்கைத் தின்னும் என்று நம்பி பண்டாராயா மீனை வாங்கி விடுவது உதவாது. அதுவும் கழிவு போடும் ஒரு மீன்தான்.

விரைவுபடுத்த வழி உண்டா?

உண்டு. பல மாதமாக நோயின்றி ஓடும் நண்பர் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஃபில்டர் பஞ்சை வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வைக்கலாம். புட்டியில் விற்கும் பாக்டீரியாவை வாங்கினால் காலாவதி நாளைப் பார்க்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் அதனை விட்டு வைக்கக் கூடாது.

மீன் இல்லாத தொட்டியில் 2 பிபிஎம் அம்மோனியா விட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இறங்கி, நைட்ரேட் காட்டினால் தொட்டி தயார். மீன் உள்ள தொட்டியில், வழக்கமான தீனி போட்டும் ஒரு வாரம் முழுக்க இரண்டும் பூஜ்யமாக நிற்க வேண்டும். அதன் பிறகும் ஒரே நாளில் தொட்டியை நிரப்ப வேண்டாம். வாரத்திற்கு இரண்டு மூன்று சிறு மீன்களாகச் சேர்த்தால், பாக்டீரியாவும் அந்தக் கணக்கிற்கு ஏற்பப் பெருகிக்கொள்ளும்.