வராத மருந்தும் உருவாகாத மருந்தும்

1990 ஜூனில் இலங்கையில் போர் மீண்டும் மூண்டதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. வன்னிக்கு மருந்து ஏற்றப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்த லொறியும் தாண்டிக்குளத்தில், பின்னாளில் ஓமந்தையில், மறிபட்டு நிற்கும். 2009இல் அந்தக் கொடுமை உச்சத்துக்குப் போனது. வைத்தியசாலைகள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தன. பெப்ரவரியில் எறிகணை வீச்சால் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையும் கைவிடப்பட, புதுமாத்தளன் பாடசாலைக் கட்டடமே வைத்தியசாலை ஆனது. நுண்ணுயிர்கொல்லியோ மயக்கமருந்தோ ஒரு போத்தல் சேலைனோ அனுப்பப்படவில்லை என்று மார்ச்சில் கிளிநொச்சி, முல்லைத்தீவு சுகாதாரப் பணிப்பாளர்கள் கொழும்புக்கு எழுதினார்கள். வைத்தியசாலையில் நேர்ந்த சாவுகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்திருக்கலாம் என்பதும் அந்தக் கடிதத்தில் இருந்தது.

எறிகணைச் சிதறல் மண்ணையும் துணியையும் தசைக்குள் கொண்டுபோய்விடும். கழுவிக் கட்டினால் மட்டும் அந்தக் காயம் ஆறாது. நேரத்துக்கு ஊசிமருந்து ஏற்ற வேண்டும். அதற்கான மருந்துகள் பழையவை, மலிவானவை, கொழும்பில் கிடைத்தவை. வழியை மறித்ததால்தான் காப்பாற்றக்கூடிய உயிர்கள் போயின.

இன்று ஏ9 வீதி திறந்திருக்கிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவு மாஞ்சோலையிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இயங்குகின்றன. 2022 டொலர் நெருக்கடியில் தட்டுப்பாடு வந்து வாட்டினாலும், அன்று மறுக்கப்பட்ட மருந்துகள் இன்று வந்து சேர்கின்றன. ஆனால் கிருமி மாறிவிட்டது. சிறுநீர்க் குழாய் வழியாகவும் சுவாசக் குழாய் வழியாகவும் நோயாளியைத் தொற்றும் கிளெப்சியெல்லா, அசினெட்டோபக்டர் போன்ற கிருமிகளில் சில, மெரோபெனெம் போன்ற வலிய மருந்துக்கும் பணிவதில்லை. இலங்கை வைத்தியசாலைகளிலும் அவை இருக்கின்றன. மருந்துக்குப் பணியாத பற்றீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது.

புது மருந்து ஏன் போதிய அளவில் வரவில்லை? வியாபாரக் கணக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒரு மருந்தை உருவாக்கப் பத்து வருடத்துக்கு மேலும் கோடிக்கணக்கான டொலர்களும் போகும். உருவான பின் வைத்தியர்கள் அதைக் கடைசித் தேவைக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். வைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கிருமி அதையும் பழகிவிடும். நீரிழிவு மருந்தை ஆயுள் முழுக்க விற்கலாம். நுண்ணுயிர்கொல்லியைச் சில நாட்களுக்குத்தான் விற்கலாம். அமெரிக்காவின் அக்கேயோஜென் நிறுவனத்தின் பிளாசோமைசின் 2018 ஜூனில் அனுமதி பெற்றது; 2019 ஏப்ரலில் நிறுவனம் வங்குரோத்தானது.

சென்னையிலும் இதே துயரம் நடந்தது. என்மெட்டாசோபக்டம் என்ற மூலக்கூறைக் கண்டுபிடித்தது அங்குள்ள ஓர்கிட் நிறுவனம். மனிதரில் சோதிக்கும் பொறுப்பை ஐரோப்பாவின் அலெக்ரா நிறுவனம் ஏற்றது. 2017இல் ஓர்கிட் கடனில் மூழ்கித் தீர்ப்பாயத்துக்குப் போய், 2020இல் கைமாறியது. 2024 பெப்ரவரியில்தான் செபெபிம் என்ற நுண்ணுயிர்கொல்லியுடன் சேர்ந்த அந்த மருந்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. தமிழ்நாட்டு ஆய்வுகூடத்தில் பிறந்த மருந்து பிழைத்து வந்ததே பெரிய காரியம்.

இரணைமடுக் குளத்தைப் பராமரிக்கும் செலவை, அவ்வருடம் பாய்ந்த தண்ணீரை அளந்து யாரும் கொடுப்பதில்லை. குளம் இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுக்கிறோம். சிறுபோகத் தண்ணீரைக் கூட்டம் கூடிப் பங்கிடுகிறோம். மருந்துக்கும் இதுவே வழி. இங்கிலாந்து 2022இல் இரண்டு நுண்ணுயிர்கொல்லிகளுக்கு, எவ்வளவு பாவித்தாலும் மாறாத வருடக் கட்டணம் கொடுக்கத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் உச்சம் ஒரு கோடி பவுண்.

இலங்கை தனியே அவ்வளவு கொடுக்க முடியாது. ஆனால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை அமைத்து, நாட்டுக்கு வேண்டிய மருந்தை ஒரே இடத்தில் மொத்தமாகக் கொள்வனவு செய்யும் வழியைப் பேராசிரியர் சேனக பிபிலே காட்டினார். அதே வழியில் தெற்காசிய நாடுகள் சேர்ந்து கட்டணம் கட்டலாம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வுகூட வசதியை மாவட்ட வைத்தியசாலைகளில் பெருக்கி, வைத்தியரின் துண்டு இல்லாமல் பாமசியில் மருந்து விற்பதை நிறுத்தினால், இருக்கும் மருந்தும் நீண்ட காலம் நிற்கும். அன்று தடை மறித்தது. இன்று இலாபக் கணக்கு மறிக்கிறது. மருந்து கிடைக்காத விலையை உயிரால் கொடுத்த வன்னி, இந்தக் கோரிக்கையை உரத்த குரலில் முன்வைக்க வேண்டும்.