மார்க் குறைந்தால் வழி அடைந்துவிடுமா?

பொன்முடி மலைக்குப் போகும் வழியில், விதுராவைத் தாண்டினால் வரும் கல்லாறுதான் பணி ஓய்வுக்குப் பின் என் இருப்பிடம். சென்ற வருஷம் அமெரிக்காவிலிருந்து என் தங்கை மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். வந்த நாள் முதல் ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து யோசனைதான். மெதுவாக விசாரித்தேன்.

"ஃபிஸிஷியன் அசிஸ்டென்ட் படிக்க ஆசை மாமா. ஆனா டிகிரியில 2.7தான். இனிமே யாரு சேர்த்துக்குவாங்க?" என்றாள்.

இரண்டாம் வருஷத்தில் அவள் அப்பாவுக்கு இருதய ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் அலைந்ததில் மார்க் சரிந்துவிட்டது. நானும் டிப்ளமாவில் கணக்குப் பாடத்தில் ஒரு முறை தோற்றவன்தான். ஆகவே கோபிக்காமல், அவளோடு உட்கார்ந்து விதிமுறைகளைப் படித்தேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

நோயாளியைப் பரிசோதிப்பது, மருந்து எழுதுவது, ஆபரேஷனில் உதவுவது ஆகியவற்றை டாக்டரோடு இணைந்து செய்பவரே ஃபிஸிஷியன் அசிஸ்டென்ட். 1965ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் இந்தப் படிப்பைத் தொடங்கினார். முதலில் சேர்ந்த நால்வரும் கடற்படையில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தவர்கள். கைப்பழக்கம் உள்ளவர்களை நம்பிப் பிறந்த படிப்பு இது. அனுபவத்துக்கு இன்றும் அங்கே மதிப்பு இருப்பதில் வியப்பில்லை.

இனி கணக்குக்கு வருவோம். அங்கே பெரும்பாலான பள்ளிகளுக்கு 'காஸ்பா' என்ற பொது விண்ணப்பம் வழியாகத்தான் மனுச் செய்ய வேண்டும். தோற்ற பாடத்தைத் திரும்பப் படித்தால் சில கல்லூரிகள் பழைய மார்க்கை நீக்கிவிடும். காஸ்பா நீக்காது, இரண்டையும் சேர்த்தே சராசரி பார்க்கும். 120 கிரெடிட்டில் 2.7 வாங்கியவர் மேலும் 30 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் 4.0 வாங்கினாலும் மொத்தச் சராசரி 2.96தான். பல பள்ளிகள் கேட்கும் 3.0 கூட வரவில்லை!

ஆனால் அறிவியல் பாடங்களுக்குத் தனிச் சராசரியும் உண்டு. முன்பு 40 கிரெடிட்டில் 2.5 இருந்து, புதிய 30ம் அறிவியலாகவே இருந்தால் அது 3.14 ஆகிவிடும். ஆகவே சுலபமான பாடங்களை எடுத்து மார்க் சேர்ப்பதில் பயனில்லை. உடற்கூறு, உடலியக்கம், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் போன்றவற்றை எடுத்து நன்றாகத் தேற வேண்டும். கடைசி 60 கிரெடிட்டைத் தனியாகப் பார்க்கும் பள்ளிகளும் இருக்கின்றன. குறைந்தபட்ச மார்க்கைக் கண்டிப்பாகக் கேட்கும் பள்ளிக்கு, அது இல்லாமல் மனுப் போட்டால் பணம்தான் நஷ்டம்.

அடுத்தது நோயாளிகளோடு வேலை செய்த மணிக்கணக்கு. ஆம்புலன்ஸ் ஊழியராகவோ நர்ஸிங் உதவியாளராகவோ வாரம் 40 மணி வீதம் 50 வாரம் உழைத்தால் 2,000 மணி. டாக்டர் பின்னால் நின்று பார்ப்பது வேறு கணக்கு. கூட வேலை பார்த்து நம்மை அறிந்தவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்குவது நலம்.

மூன்றாவது, 5,000 எழுத்துக்குள் எழுத வேண்டிய சுயவிளக்கம். ரயில்வேயில் விபத்து விசாரணை அறிக்கை எழுதுவோம்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, என்ன சரிசெய்தோம். மார்க் குறைந்த கதையையும் அப்படியே இரண்டு மூன்று வரியில் சொன்னால் போதும். மீதி இடத்தில் இந்தத் தொழில் ஏன் வேண்டும் என்று எழுதட்டும்.

"மார்க் குறைஞ்ச அந்தக் கல்லூரியைச் சொல்லாம விட்டா என்ன அண்ணா?" என்று தங்கை போனில் கேட்டாள். கூடவே கூடாது. படித்த ஒவ்வொரு கல்லூரியின் மதிப்பெண் பட்டியலும் போக வேண்டும். மார்க் குறைவை மன்னிப்பார்கள், மறைத்ததை மன்னிக்க மாட்டார்கள்.

"சென்னையில் படித்துவிட்டு வரலாமே" என்றும் சிலர் கேட்கிறார்கள். 1992ல் டாக்டர் கே.எம். செரியன் முயற்சியால் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இந்தியாவின் முதல் படிப்பு தொடங்கியது உண்மை. இந்தியாவில் வேலை பார்க்க அது நல்ல வழி. ஆனால் அமெரிக்காவில் லைசென்ஸ் பரீட்சை எழுத, அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்திருக்க வேண்டும். பணம் கட்டுமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெண் இப்போது பகலில் ஆம்புலன்ஸ் வேலை, மாலையில் உயிர்வேதியியல் வகுப்பு என்று இருக்கிறாள். இன்னும் மனுப் போடவில்லை. இடம் கிடைக்குமா என்பது எனக்குத் தெரியாது. முதல் பரீட்சையில் 'ஏ' வாங்கியதாகச் சொன்னாள். குரலில் பழைய தயக்கம் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மார்க் சரிந்தால் திட்டுவதற்கு முன் காரணம் கேளுங்கள். எங்கள் பெண் தன் மார்க்கை இரண்டு வருஷம் வீட்டில் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அந்த இரண்டு வருஷமும் மிச்சமாகியிருக்கும்.