கொல்லையில் சாரைப்பாம்பு குடியிருக்கா? அடிக்கணுமா, விட்டுடலாமா? பழவேற்காடு கரையோர மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை!

மழை விட்ட மறுநாள் காலை. கொல்லைப்பக்கம் விறகு எடுக்கப் போனால், அடுக்குக்கு நடுவே ஆறடி நீளத்தில் ஒன்று சரசரவென நகர்கிறது. "ஐயோ, பாம்பு!" என்ற சத்தத்துக்கு நாலு வீட்டு ஆட்கள் கூடிவிடுவார்கள். ஒருவர் கையில் கம்பு, இன்னொருவர் கையில் துடுப்பு. "அடி, விடாதே" என்பார் ஒருத்தர். "சாரைதான், எலி புடிக்க வந்திருக்கு, விடுப்பா" என்பார் வயசான அம்மா.

திருப்பாலைவனம், பழவேற்காடு பக்கத்து ஊர்களில் இந்தக் காட்சி புதிதல்ல. யார் சொல்வது சரி? கம்பு வைத்திருப்பவரா, அந்த அம்மாவா? பாதி நேரம் அந்த அம்மா சொல்வதுதான் சரி. மீதி நேரத்துக்கு என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு பாம்பு?

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரியில் இருந்து பழவேற்காடு போகும் வழியில் இருக்கிறது திருப்பாலைவனம். ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடுதான். ஆரணி ஆறும் பக்கிங்காம் கால்வாயும் வந்து சேரும் இடம். வயல், வரப்பு, குளம், மணல்மேடு, சேறு, சவுக்குத் தோப்பு என்று பாம்புக்குத் தேவையான எல்லாமே இங்கே இருக்கிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது வளைகளில் தண்ணீர் நிறைந்துவிடும். எலி மேட்டுக்கு ஓடும். எலியைத் தேடிப் பாம்பும் மேட்டுக்கு வரும். ஊரில் மேடு எது? வீடு கட்டியிருக்கும் இடம்தான்.

அதோடு மீனவர் வீட்டுக் கொல்லை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய வலை குவியல், கருவாட்டுக் கூடை, விறகு, உடைந்த ஓடு, கோழிக்கூடு. எலிக்கு அது விருந்து. எலி இருக்கும் இடத்தில் பாம்பு வராமல் இருந்தால்தான் அதிசயம்.

கொல்லையில் இருப்பது யார்?

கொல்லையில் அடிக்கடி கண்ணில் படுவது இரண்டு பேர். ஒன்று சாரை. இன்னொன்று குளம், வயல் ஓரம் திரியும் தண்ணீர்ப் பாம்பு. இரண்டுக்கும் விஷம் கிடையாது. சீண்டினால் கடிக்கும், ரத்தம் வரும். ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை. ஏரியின் சேற்றுப் பகுதியில் வேறு சில நீர்ப்பாம்புகளும் உண்டு. அவையும் மனிதனைக் கொல்லும் வகை அல்ல.

சாரையைப் பார்த்து நாகம் என்று நினைத்து அடிப்பதுதான் அதிகம் நடக்கிறது. வித்தியாசம் என்ன?

* சாரைக்குக் கண் பெரிது. உதட்டோரம் கறுப்புக் கோடுகள் இருக்கும். உடல் நீளமாக, ஒல்லியாக இருக்கும். ஆளைக் கண்டதும் வேகமாக ஓடிவிடும்.
* நாகம் மிரண்டால் நின்று படம் எடுக்கும். சாரை கழுத்தைக் கொஞ்சம் உப்பிக் காட்டும், படம் எடுக்காது.
* ஆனால் நாகம் எப்போதும் படம் எடுத்துக்கொண்டே இருக்காது. படம் இல்லை என்பதால் அது சாரை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

உயிரை எடுக்கும் நாலு பேர்

இந்தியாவில் 300-க்கும் அதிகமான பாம்பு வகைகள் இருக்கின்றன. பாம்புக்கடி மரணங்களில் பெரும்பகுதிக்குக் காரணம் நாலே வகைதான்.

நாகம்: எலியைத் தேடி வீட்டுப்பக்கம் வரும். குட்டிக்கும் விஷம் உண்டு.

கட்டுவிரியன்: கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள். பகலில் பதுங்கும், ராத்திரி நடமாடும். தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கடிப்பது அதிகம். வலி பெரிதாக இருக்காது, சில சமயம் கடித்த தடமே தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி வரும், கண் இமை தானாகத் தொங்கும். "எதையோ சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று நினைத்து நேரத்தை விட்டுவிடும் ஆபத்து இதில்தான் அதிகம்.

கண்ணாடி விரியன்: தடித்த உடல், முதுகில் சங்கிலி போல வட்ட வட்டப் புள்ளிகள். குக்கர் விசில் போல உரக்கச் சீறும். முட்டை இடாது, குட்டி போடும். ஒரே ஈற்றில் 20, 30 குட்டிகள்கூட இருக்கலாம்.

சுருட்டை விரியன்: சின்னது, முழங்கை நீளம்தான் இருக்கும். மணல், கல் உள்ள வறண்ட இடத்தில் வாழும். உடலைச் சுருட்டி, செதிலை உரசி ரம்பம் அறுப்பது போல ஓசை எழுப்பும்.

இந்த நாலும் கொல்லையில் தெரிந்தால் 'கூடவே வாழலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆட்களை விலக்கிவிட்டு, பிடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். என்ன பாம்பு என்றே தெரியவில்லையா? விஷப்பாம்பு என்றே வைத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள்.

ஊரில் சொல்வது நிஜமா?

"சாரையும் நாகமும் பிணையும்": பொய். இரண்டும் வெவ்வேறு இனம். இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு எழுந்து நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் அது இரண்டு ஆண் சாரைகள் போடும் சண்டை. எது பலசாலி என்று காட்டும் மல்யுத்தம்.

"அடிபட்ட பாம்பு பழிவாங்கும்": பொய். ஆளை அடையாளம் வைத்துத் தேடிவரும் மூளை அமைப்பு பாம்புக்கு இல்லை.

"பாம்பு பால் குடிக்கும், மாட்டின் மடியில் வாய் வைக்கும்": பொய். பாம்பு இரையை விழுங்கும் பிராணி. பால் அதன் உணவே அல்ல. தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கலாம், அவ்வளவுதான். மாடு நிற்கும் இடத்தில் பாம்பு இருப்பதற்குக் காரணம், தீவனத்துக்கு வரும் எலி.

"பூண்டு, பினாயில் தெளித்தால் வராது": இதை நம்பி அசட்டையாக இருக்க முடியாது. வாசனையை விட, ஒளிய இடம் இல்லாமல் செய்வதுதான் வேலைக்கு ஆகும்.

அடித்தால் என்ன நஷ்டம்?

முதல் நஷ்டம், அடிப்பவருக்கு. ஒதுங்கிப் போகும் பாம்பை வழிமறித்து அடிக்கப் போகும்போது கடி வாங்கும் வாய்ப்பு கூடுகிறது.

இரண்டாவது, எலி பெருகும். நெல்லும் கருவாடும் போகும், வலையை எலி கடித்துக் குதறும், எலிக்காய்ச்சல் வரும். கொல்லைச் சாரை சம்பளம் இல்லாத காவல்காரன். அதுவும் வளைக்குள் புகுந்து பிடிக்கும் காவல்காரன். பூனையால் அது முடியாது.

மூன்றாவது, சட்டம். சாரை, நாகம் உள்ளிட்ட பாம்புகள் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கொல்வது, பிடித்து வைத்துக்கொள்வது, விற்பது எல்லாமே குற்றம்.

பாம்போடு வாழக் கற்றவர்கள்

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பு பாம்புத்தோல் பெரிய வியாபாரம். வடதமிழகத்தின் இருளர் மக்கள் பலர் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தார்கள். தடை வந்ததும் பிழைப்பு போனது. அவர்களுக்காக 1978-ல் தொடங்கியதுதான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். சென்னை முதலைப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் இதற்குத் துணை நின்றார். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் சங்கம் இயங்குகிறது.

வேலை இதுதான். அனுமதி பெற்று நாலு வகை விஷப்பாம்புகளைப் பிடிப்பார்கள். சில வாரம் மண்பானையில் வைத்து விஷம் எடுப்பார்கள். பிறகு காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தால் விஷமுறிவு மருந்து தயார். இந்தியா முழுக்கப் போகும் மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இந்தச் சங்கத்தில் இருந்துதான் போயிருக்கிறது.

இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடா வரை போனார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை 2 வாரத்துக்குள் 13 பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பழவேற்காடு ஏரிக்கரையிலும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. பலர் ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிறார்கள்.

கூடவே இருக்கணும்னா என்ன பண்ணணும்?

சாரையை விட்டுவைப்பது என்றால் கண்ணை மூடிக்கொள்வது அல்ல. வீட்டுக்குள் வரவிடாமல், கொல்லையோடு நிறுத்துவது.

* விறகு, ஓடு, பழைய வலையைச் சுவரை ஒட்டிக் குவிக்காதீர்கள். வீட்டில் இருந்து தள்ளி, தரையில் இருந்து கொஞ்சம் உயர்த்தி அடுக்குங்கள்.
* கருவாடு, நெல், கோழித்தீவனத்தை மூடி போட்ட டிரம்மில் வையுங்கள். எலி குறைந்தால் பாம்பு வருவதும் குறையும்.
* பழைய நைலான் வலையை வேலியாகக் கட்டாதீர்கள். பாம்பு சிக்கிச் சாகும். உயிரோடு சிக்கியதை விடுவிக்கப் போய்க் கடி வாங்கும் ஆபத்தும் உண்டு.
* கதவுக்குக் கீழே உள்ள சந்து, சாக்கடைக் குழாய் ஓட்டை, சுவர் விரிசலை அடையுங்கள்.
* ராத்திரி கொல்லைக்கோ கரைக்கோ போனால் டார்ச் கட்டாயம். செருப்பும் கட்டாயம்.
* தரையில் படுக்காதீர்கள். கட்டில் நல்லது. கொசுவலையை விரிப்புக்கு அடியில் செருகிவிட்டுப் படுத்தால் கட்டுவிரியனுக்கும் அதுவே தடுப்பு.
* விறகு எடுக்கும்போது முதலில் கம்பால் தட்டுங்கள், பிறகு கை வையுங்கள்.

பாம்பு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால்? குழந்தைகளையும் நாயையும் வெளியே அனுப்புங்கள். ஒருவர் மட்டும் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று கவனிக்கட்டும். வனத்துறைக்கோ, 101-ல் தீயணைப்புத் துறைக்கோ தகவல் சொல்லுங்கள். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு வாலைப் பிடிக்கும் வேலை வேண்டாம்.

வலையில் வரும் பாம்பு வேற!

கொல்லைப் பாம்பை விட மீனவர்கள் அதிகம் பயப்பட வேண்டியது வலையில் ஏறும் கடல் பாம்புக்கு. கடலிலும் முகத்துவாரத்திலும் இழுக்கும் வலையில் மீனோடு சேர்ந்து வரும். வால் துடுப்பு போலத் தட்டையாக இருந்தால் அது கடல் பாம்பு. விஷம் கடுமையானது.

முக்கியமான விஷயம், இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நாலு பாம்புக்காகத் தயாரிக்கப்படுவது. கடல் பாம்பு விஷத்தை அது முறிக்காது. மூச்சுக்கு உதவி, சிறுநீரகத்தைக் காப்பது என்று மருத்துவமனையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் வலையில் கையை விட்டு மீன் பிரிக்கும் முன் ஒருமுறை உதறிப் பாருங்கள். பாம்பு தெரிந்தால் நீளமான குச்சியால் எடுத்துத் தண்ணீரில் தள்ளிவிடுங்கள். கடித்த பிறகு உடம்பெல்லாம் தசை வலியும், சிறுநீர் கறுத்துப் போவதும் ஆபத்தின் அறிகுறி. அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் உடனே படகைக் கரைக்குத் திருப்புங்கள்.

கடிச்சுட்டா?

செய்ய வேண்டியது:
* 108-ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதம் ஆகும் என்றால் கிடைத்த வண்டியில் கிளம்புங்கள்.
* கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கை, காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவது போலக் கட்டையோடு சேர்த்து ஆடாமல் வையுங்கள்.
* மோதிரம், கொலுசு, வளையல், வாட்சைக் கழற்றிவிடுங்கள். வீங்கினால் கழற்ற முடியாது.
* கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதது:
* கயிறு போட்டு இறுக்கிக் கட்டக் கூடாது. ரத்த ஓட்டம் நின்று கையோ காலோ போய்விடலாம்.
* பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, மந்திரிப்பது, பச்சிலை கட்டுவது வேண்டாம்.
* பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். டாக்டருக்குப் பாம்பு தேவையில்லை. அறிகுறியும் ரத்தம் உறைகிறதா என்ற 20 நிமிடச் சோதனையும் போதும்.

"மந்திரிச்சதும் சரியாயிடுச்சு" என்று சொல்பவர்கள் ஊரில் உண்டு. அது சாரையோ தண்ணீர்ப் பாம்போ கடித்ததாக இருக்கும். விஷப்பாம்பே கடித்தாலும் சில நேரம் விஷத்தை இறக்காது. மந்திரம் இல்லாமலும் அவர்கள் பிழைத்திருப்பார்கள். விஷம் ஏறியவருக்கு மந்திரத்தில் போகும் ஒரு மணி நேரம்தான் உயிரின் விலை.

கணக்கு என்ன சொல்லுது?

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர். தமிழ்நாட்டில் 2023-ல் பதிவான பாம்புக்கடி 19,795, மரணம் 43. மருத்துவமனை போகாமல் வீட்டிலேயே இறந்தவர்கள் கணக்கில் வராமல் போகலாம். அதனால்தான் 2024 நவம்பரில் பாம்புக்கடியை, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்தது. இனி தனியார் மருத்துவமனையும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குச் சொல்ல வேண்டும். எந்த ஊரில் கடி அதிகம் என்று தெரிந்தால்தான், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எவ்வளவு மருந்து வேண்டும் என்று திட்டமிட முடியும்.

பாம்புக்கடியால் ஏற்படும் மரணத்தையும் ஊனத்தையும் 2030-க்குள் பாதியாகக் குறைப்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. அந்த இலக்கு ஜெனீவாவில் எழுதப்பட்டது. ஆனால் அது நிறைவேறுவது, ஏரிக்கரை வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு யாரோ ஒருவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவதில்தான் இருக்கிறது.

கையில் கம்பு இருந்தால் தட்டி ஓசை எழுப்புங்கள், அது போதும். சாரை தன் வழியில் போய்விடும். நாளைக்கு எலி பிடிக்கத் திரும்பி வரும்.