கன்னத்தில் ஒட்டும் மருந்து

மன்னார்க் குடாவின் இரு கரைகளிலும் அலை ஒதுக்கிவிடும் பாசிகளுள் சார்காசம் என்னும் கபிலநிறப் பாசியும் ஒன்று. அதனைத் தமிழ்நாட்டுக் கரையோரத்தார் கட்டக்கோரை என வழங்குவர். வலையில் சிக்கினால் மீனவர் உதறி எறியும் இப்பாசியின் கலச்சுவரிலே அல்சினிக்கமிலம் உண்டு. கபிலப் பாசிகளிலிருந்து அதனை முதன்முதல் பிரித்தெடுத்தவர் ஸ்டான்ஃபோர்ட் என்னும் பிரித்தானிய இரசாயனவியலாளர், ஆண்டு 1881. அவ்வமிலத்தின் சோடியவுப்பு நீரில் ஊறிப் பசையாகும். மருந்தைக் கன்னத்தின் உட்புறத்தே ஒட்டி நிறுத்த உதவும் பல்பகுதியங்களுள் அதுவும் ஒன்றாகும்.

விழுங்குதற்குரிய மருந்தை ஏன் கன்னத்தில் ஒட்டவேண்டும்? விழுங்கிய மருந்து குடலிலிருந்து முதலில் ஈரலுக்கே செல்கின்றது. சில மருந்துகளின் பெரும்பகுதியை ஈரல் அங்கேயே சிதைத்துவிடும். வாய்ச்சவ்விற் புகுந்த மருந்தோ கழுத்து நாளத்தின் வழியே நேரே இதயத்தை அடையும். இலண்டன் மருத்துவர் வில்லியம் மறெல், நைத்திரோகிளிசரின் கரைசல் தோய்ந்த தக்கையைத் தம் நாவில் வைத்த சிறிது நேரத்தில் நாடி படபடக்கக் கண்டார். நெஞ்சுவலிக்கு அது மருந்தாதலை 1879இல் அவர் வெளியிட்டார். இன்றும் அம்மருந்து நாவின் கீழ் வைக்கப்படுகின்றது.

இவ்வாயிலை நம் முன்னோரும் அறியாமலே பயன்படுத்தினர் எனலாம். பாக்கோடு சுண்ணாம்பு சேராவிடில் வெற்றிலை சுவைப்பதில்லை என்பர் முதியோர். பாக்கிலுள்ள அரிக்கோலினைச் சுண்ணாம்பின் காரம் ஏற்றமற்ற வடிவாக்க, அது கொழுப்புப் பொருந்திய கலமென்சவ்வுகளை எளிதிற் கடக்கின்றது. ஆயின் அவ்வாயில் நன்மைக்கு மாத்திரம் திறப்பதன்று. பாக்கு மனிதரிற் புற்றுநோயை உண்டாக்குவது என்பதை அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட தன் நூலிற் கூறியுள்ளது. நெடுநாட் பாக்கு மெல்லுவோருட் சிலருக்குக் கன்னச்சவ்வு நாராகி இறுக, வாய் திறத்தலே கடினமாகும்.

இனி, ஒட்டும் முறை. நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை சுரக்கும் உமிழ்நீர், வாயில் வைத்த எதனையும் கழுவிக்கொண்டேயிருக்கும். உலர்ந்த வில்லை சவ்வைத் தொட்டவுடன் அதன் நீரை உறிஞ்சிப் பருக்கின்றது. அப்போது பல்பகுதியத்தின் நீண்ட சங்கிலிகள் தளர்ந்து, சீதத்திலுள்ள சங்கிலிகளுடன் பின்னி ஐதரசன் பிணைப்புக்களால் பற்றிக்கொள்கின்றன. நீர் குறைந்தால் பிடிப்பில்லை. மிகுந்தால் வில்லை வழுவழுத்து நழுவும். ஒடியற் கூழ் காய்ச்சுவோர் அறிந்த பதமே இங்கும் வேண்டப்படுவது! மருந்து சவ்வின் பக்கமே செல்லுதற்பொருட்டு, வில்லையின் புறத்தே நீர் புகாப் படலமொன்றும் சில வேளைகளில் இடப்படும்.

இறால், நண்டு ஓடுகளிலுள்ள கைற்றினிலிருந்து பெறப்படும் கைற்றோசன் பற்றும் விதம் வேறு. அது நேரேற்றமுடையது, சீதமோ எதிரேற்றமுடையது. அன்றியும், கலங்களுக்கிடையே உள்ள இறுகிய இணைப்பைச் சிறிது தளர்த்தவும் அது வல்லது.

புற்றுநோயாளரின் திடீர் வலிக்கெனக் கன்னத்தில் ஒட்டும் பென்ரனில் படலம் 2009இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. வாய்ப்பூஞ்சணத்துக்கு மேல் ஈற்றில் நாளொருமுறை ஒட்டும் மைக்கோனசோல் வில்லையும் அடுத்த ஆண்டே அங்கு அனுமதி பெற்றது. விழுங்க இயலாத நோயாளிக்கு இவ்வகை மருந்து பேருதவியாகும். எனினும் சிறிய அளவிற் பயனளிக்கும் மருந்துகளே இவ்வழிக்கு ஏற்றவை. இன்சுலின் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்குக் கன்னம் எளிதில் வழிவிடுவதில்லை.