கரி பிடிக்கலையா? பெட்ரோலைத் தொடாதீங்க, ஒரு எண்ணெய் டின் போதும்!

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்துவிட்டு பைக்கில் ஏலகிரிக்குக் கிளம்பும் கேங். சிக்கனுக்கு மசாலா தடவியாச்சு, கரியும் வாங்கியாச்சு. ஆனா கரி மட்டும் பிடிக்காது. அரை மணி நேரம் அட்டையால் விசிறிய பிறகு, யாராவது ஒருத்தர் பைக் டேங்கைப் பார்ப்பார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. பெட்ரோலை விட அதன் ஆவிதான் முதலில் பற்றும். கையில் இருக்கும் பாட்டில் வரை தீ தாவும்.

இதற்குத் தீர்வு 'சிம்னி ஸ்டார்ட்டர்'. பெயர்தான் பெரிது, இரண்டு பக்கமும் திறந்த தகர டப்பா, நடுவில் ஒரு கம்பித் தட்டு, அவ்வளவுதான்.

எந்த டின்?

இந்த ஏரியா பழைய இரும்புக் கடைகளில் டின்னுக்குப் பஞ்சமில்லை. ஆனா தின்னர், பெயின்ட், கெமிக்கல் டின்கள் வேண்டவே வேண்டாம். உள்ளே மிச்சமிருக்கும் ஆவி, வெட்டும்போதே வெடிக்கலாம். ஜி.ஐ. ஷீட்டும் கூடாது. அதன் மேல்பூச்சான துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். நன்றாகக் காற்று இழுக்கும் கரி அந்தச் சூட்டை எட்டிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வரும். வெல்டிங் வேலை பார்க்கும் நண்பரைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்.

ஹோட்டல்களில் காலியாகும் 15 கிலோ சமையல் எண்ணெய் டின்தான் பெஸ்ட்.

எப்படிச் செய்வது?

டின்னை நன்றாகக் கழுவி, மேல் மூடியையும் அடித்தகட்டையும் வெட்டி எடுங்கள். ஓரங்களை மடக்கித் தட்டிவிடுங்கள், இல்லையென்றால் கை கிழியும். அடியிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் எதிரெதிராகத் துளையிட்டு, பூச்சு இல்லாத 6 மி.மீ. கம்பிகளை நெருக்கமாகச் செருகுங்கள். கம்பிக்குக் கீழே நாலு பக்கமும் காற்றுத் துளைகள். தூக்கும்போது வெல்டிங் கிளவுஸ் கட்டாயம்.

முதல் தடவை சமைக்காமல் வெறும் கரியைப் போட்டு எரித்து, வெளிப்பக்க பிரிண்ட்டைக் கருக விடுங்கள். புகையிலிருந்து தள்ளியே நில்லுங்கள்.

பிறகு மேலே கரி, கீழே கசக்கிய நியூஸ்பேப்பர், ஒரு தீக்குச்சி. சூடான காற்று மேலேறும்போது அடியிலிருந்து புதுக்காற்றை இழுக்கும், விசிறவே வேண்டாம். 15, 20 நிமிடத்தில் மேல்கரியில் சாம்பல் பூத்ததும் அடுப்பில் கொட்டலாம். கரி எங்கே கிடைக்கும் என்று தெரியாதவர்கள் தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேட்கலாம். ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போடும் சீமைக் கருவேலங் கரி நின்று எரியும்.

எங்கே பற்றவைக்கக் கூடாது?

காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அனுமதி உள்ள கேம்ப் சைட்டிலும், காய்ந்த புல்லை அகற்றிவிட்டு, கல் மேல் டின்னை வையுங்கள். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் இருக்கட்டும்.

குளிருது என்று மிச்சக் கரியை டென்ட்டுக்குள்ளோ ரூமுக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கரி மேல் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றிவிட்டுப் படுக்கப் போங்கள்.