இருமுக சோலார் தகடும் மழைக்கால வெளிச்சமும்

சூரிய ஒளியினின்று மின்சாரம் பெறும் முறை இன்று பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. இருபுறமும் ஒளியை ஏற்கும் 'இருமுகத் தகடு' என்னும் வகையும் சந்தையில் கிடைக்கின்றது. வெயில் குறைந்த நாட்களிலும் இது தாராளமாக மின்சாரம் தரும் என்னும் நம்பிக்கை பலரிடம் உண்டு. பணத்தைச் செலவிடுமுன் அங்கத்தினர்கள் இதன் உண்மையை அறிதல் நன்று.

சாதாரணத் தகடு மேற்புறத்தில் விழும் ஒளியை மட்டுமே மின்சாரமாக்கும். இருமுகத் தகடு, தரையில் பட்டுத் திரும்பும் ஒளியையும் பின்புறத்தால் ஏற்கும். ஒரே அளவு ஒளிக்கு முன்முகம் 100 பங்கு தந்தால், பின்முகம் ஏறக்குறைய 70 முதல் 80 பங்கு தரும். ஆனால் அவ்வளவு ஒளி பின்முகத்துக்குக் கிட்டுவதில்லை. ஈரமான கரிசல் மண், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே திருப்பும். வெள்ளையடித்த தளமோ பாதிக்கு மேல் திருப்பும். சுற்றுப்புறத்தை வெண்மையாக்கி 50 சதவீதம் வரை மிகுதியாகப் பெறலாம் என்று ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1982-ஆம் ஆண்டிலேயே காட்டினர். எனினும் நடைமுறையில் கிட்டும் மிகுதி பெரும்பாலும் 5 முதல் 15 சதவீதமே.

இனி ஐப்பசி, கார்த்திகை மாதங்களைக் கவனிப்போம். மேகம் மூடிய வானில் ஒளி எத்திசையிலும் சிதறி வருவதால், பின்முகத்தின் பங்கு விகிதத்தில் சற்று உயரும் என்பது மெய்யே. ஆனால் 1 கிலோவாட் சாதாரணத் தகடு வெயில் நாளில் 4 யூனிட்டும், மழை நாளில் 1 யூனிட்டும் தருவதாகக் கொள்வோம். பின்முகம் வெயில் நாளில் 10 சதவீதம் சேர்த்தால் ஆதாயம் 0.4 யூனிட். மழை நாளில் 20 சதவீதம் சேர்த்தாலும் ஆதாயம் 0.2 யூனிட் மட்டுமே. மழைக்காலக் குறையை இத்தகடு தீர்ப்பதில்லை; அந்நாட்களில் மின்வாரிய இணைப்பே துணை.

ஆதலின் தகட்டின் கீழுள்ள இடத்தைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். ஜெயங்கொண்டம் பகுதி நெசவாளர் ஒருவர் தம் மொட்டை மாடிக்கு வெள்ளை பூசி, தகட்டை இடுப்பளவு உயர்த்தி நிறுத்தினால் பயனுண்டு. பாசி படிந்து தளம் கறுத்தால் பயன் குறையுமாதலால் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்தல் வேண்டும். தகரக் கூரையோடு ஒட்டிப் பதித்தால் பின்முகத்துக்கு ஒளியே எட்டாது. கொடுத்த அதிக விலை வீணாகும். பெரம்பலூர்க் கரிசலில் நீரிறைக்க நிறுத்துவோரும் மிகுதியாக எதிர்பார்த்தல் கூடாது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலையோரங்களில் முன்முகத்தின் தூசியைத் துடைப்பதே முதற்கடமை.

2024-இல் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தில் வீடுகளுக்கு 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000 என உதவித்தொகை வகுக்கப்பட்டது. இது கிலோவாட்டைப் பொறுத்தது. பின்முகத்துக்கெனத் தனித்தொகை இல்லை. எனவே விலைப்புள்ளி கேட்கும்போது முன்முகத்தின் வாட் அளவைத் தனியே எழுதி வாங்கி, அதைக்கொண்டே இருவகைத் தகடுகளின் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.