காருக்கும் உண்டு செட்டிங்ஸ்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மவுஸ் செட்டிங்ஸுக்குப் போய்ப் பாயிண்டர் வேகத்தைக் கூட்டிப் பார்ப்பதுண்டு. கை அதே அளவுதான் நகர்கிறது. பாயிண்டர் மட்டும் திரையின் மறு மூலைக்கு ஓடிவிடுகிறது. மவுஸ் மாறவில்லை. அது அனுப்பும் தகவலை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும் விதம்தான் மாறியிருக்கிறது.

வேகமான கார்களில் "ஸ்போர்ட்" என்று ஒரு பட்டன் இருக்குமே, அதை அழுத்தினால் நடப்பதும் பெரும்பாலும் இதுதான்.

பழைய கார்களில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கேபிள் இழுபட்டு, இன்ஜினுக்குக் காற்று போகும் வழியைத் திறக்கும். இப்போது கேபிள் இல்லை. கால் எவ்வளவு அழுத்தியது என்பதை பெடலில் உள்ள சென்சார் இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அது தன் மெமரியில் உள்ள அட்டவணையைப் பார்த்து (எக்செல் ஷீட் என்றே வைத்துக் கொள்ளுங்கள்) காற்று வழியை எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்கிறது. ஸ்போர்ட் மோடில் வேறு அட்டவணை. பெடலைக் கால்வாசி மிதித்தாலே அதிகமாகத் திறக்கும். அதனால் கார் துள்ளுவது போல் தோன்றும். ஆனால் பெரும்பாலான கார்களில் பெடலை முழுவதும் மிதித்தால் இரண்டு மோடிலும் கிடைப்பது ஒரே சக்திதான். "பட்டனைத் தட்டியதும் பவர் கூடிவிட்டது" என்று சொல்லும் நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்!

அவர் சொல்வது உண்மையாகும் கார்களும் உண்டு. 2005-ல் விற்பனைக்கு வந்த பி.எம்.டபிள்யூ எம்5 காரில் 5 லிட்டர், 10 சிலிண்டர் இன்ஜின். ஸ்டார்ட் செய்ததும் 400 குதிரைத்திறன் மட்டுமே கிடைக்கும். "பவர்" பட்டனை அழுத்தினால் 507. இவை பி400, பி500 என்று அழைக்கப்பட்டன. மெனுவுக்குள் பி500 ஸ்போர்ட் என்று மூன்றாவது ஒன்றும் இருந்தது. அதிலும் அதே 507 தான், பெடல் மட்டும் இன்னும் துடிப்பாகிவிடும். ஷாக் அப்சார்பர், கியர் ஆகியவற்றுக்கும் தனித்தனி செட்டிங் உண்டு. பிடித்ததை சேமித்து வைத்துவிட்டால், ஸ்டீயரிங்கில் உள்ள "எம்" பட்டனை ஒரு முறை அழுத்தினால் போதும். நம் பெயரில் லாகின் செய்தவுடன் நம்முடைய டெஸ்க்டாப் வருவது போலத்தான்.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் நடப்பது வெறும் அட்டவணை மாற்றம் அல்ல. 2002-ல் காடிலாக் செவில் எஸ்.டி.எஸ். காரில் வந்த மேக்னரைடு முறையில், ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் காந்தப்புலம் உண்டாகி, துகள்கள் வரிசையில் நிற்கும். எண்ணெய் உடனே கெட்டியாகும். கார் வளைவில் சாய்வது குறையும். ரோட்டில் உள்ள குண்டும் குழியும் முதுகுக்கு நன்றாகவே தெரியும்!

எல்லாவற்றையும் விட கவனிக்க வேண்டிய செட்டிங் வேறு. 2004-ல் அறிமுகமான ஃபெராரி எஃப்430 காரின் ஸ்டீயரிங்கில் "மானெட்டினோ" என்ற சிறிய திருகு ஸ்விட்ச் வந்தது. அதில் ஐந்து நிலைகள்: பனிக்கட்டி, வழுக்கும் சாலை, ஸ்போர்ட், ரேஸ், கடைசியாக சி.எஸ்.டி. ஆஃப். சக்கரம் வழுக்கும்போது கம்ப்யூட்டர் தானாகவே குறுக்கிட்டு காரை நேராக்கும் ஏற்பாட்டுக்குத்தான் சி.எஸ்.டி. என்று பெயர். ரேஸ் நிலையிலும் அது ஓரளவு காவலுக்கு இருக்கும். கடைசி நிலையில் விலகிக்கொள்ளும். ஆன்டி வைரஸை ஆஃப் செய்துவிட்டு இண்டர்நெட்டில் உலவுவது போல. கார் வேகமாகிவிடாது, தவறினால் பிடித்து நிறுத்த ஆள் இருக்காது, அவ்வளவுதான். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸை மட்டும் இந்த ஸ்விட்சால் ஆஃப் செய்ய முடியாது.